மூட்டுவலிப் பொட்டலமும் காலியான குதிரும்: ரங்கூனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. கோயில் வகுப்பில் தமிழ் படித்த மருமகள் முழுவதையும் வாசித்துக் காட்டினார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்தும் அளவும் எண்களும் நடந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

வயது 61. எங்கள் கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டு வாசலில் விடியற்காலை 5 மணிக்குத் தோசைக்கல் போடுகிறவர். 11 மணி வரை கல்லின் முன்னால் நின்றாக வேண்டும். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, கிளிக்ளாசைடு 80 மி.கி. காலையில் மட்டும். 2024 நவம்பரில் அவருடைய எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு, 7.2. இந்த வயதுக்கும் இந்த உழைப்புக்கும் அது நல்ல எண்.

ஒவ்வொரு முறை வரும்போதும் முழங்கால் வலியைச் சொல்வார். "எடையைக் குறைங்கம்மா, தைலம் தேயுங்க" என்று நானும் ஒவ்வொரு முறையும் அனுப்பிவிடுவேன். அந்த வலிக்கு உருப்படியாக நான் எதுவும் செய்யவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

நிலநடுக்கத்துக்குப் பிறகு

2025 மார்ச் 28 அன்று மாண்டலே, சகாயிங் பக்கத்தைப் புரட்டிப்போட்ட 7.7 அளவு நிலநடுக்கம் ரங்கூனிலும் உணரப்பட்டது. அம்மாவின் தங்கை குடும்பம் மாண்டலேயில் இருந்தது. மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், வீடுதான் போய்விட்டது என்று நான்காம் நாள் தகவல் வந்தது. அதற்குப் பிறகும் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கும் தங்கையை நினைத்து இவருக்குத் தூக்கம் இல்லை.

தஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையும் சித்திரைப் பிறப்பும் முடிந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வந்தார். கிளினிக் மாலையில்தான் திறக்கும். நாலரை மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால் 322 மி.கி.

"சாப்பாடே இறங்கல தம்பி. ரெண்டு வேளையும் அரை வயித்துக் கஞ்சிதான். அப்புறம் எப்படி இப்படி ஏறும்?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதிலும் தயாராக இருந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

வாயால் உண்பது மட்டும்தான் இரத்தத்துக்குச் சர்க்கரை வரும் வழி என்று பலரும் நினைக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் உடலியலாளர் கிளாட் பெர்னார் காட்டியது வேறு. கல்லீரலே சர்க்கரை செய்து இரத்தத்தில் விடுகிறது. 1857-ல் அவர் கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜனைப் பிரித்தெடுத்தார். நன்றாகச் சாப்பிட்ட ஒருவரின் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் கிளைகோஜன் இருக்கும்.

அம்மாவுக்கு அதை நெல் சேமிக்கும் குதிர் என்று சொன்னேன். ரங்கூனுக்கு அருகிலுள்ள சிரியம் பக்கம் வயல்வெளியில் வளர்ந்தவர், உடனே பிடித்துக்கொண்டார். பயமோ அதிர்ச்சியோ வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. அது கல்லீரலைத் தொட்ட சில நிமிடங்களில் கிளைகோஜன் உடைந்து சர்க்கரையாகிறது, குதிரின் மடையைத் திறந்துவிட்ட மாதிரி. கணையம் சுரக்கும் குளுக்ககானும் இதே வேலையைச் செய்யும். கவலை நாள்கணக்கில் நீண்டால் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் வருகிறது. அது நிதானமாக, மணிக்கணக்கில் வேலை செய்யும். தசையைக் கரைத்து அமினோ அமிலங்களையும், கொழுப்பைக் கரைத்து கிளிசராலையும் கல்லீரலுக்கு அனுப்பி, அவற்றிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்யவைக்கும். கூடவே இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காதபடி ஆக்கிவிடும். நல்ல கணையம் இதற்கு ஈடாகக் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளிக்கும். நீரிழிவு உள்ளவருக்கு அது முடியாது. கஞ்சி குடித்தாலும் ஏறும்.

ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த நீரிழிவு நோயாளிகளின் சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டதைப் படித்திருக்கிறேன். அதுவும் மனதில் இருந்தது. ஆக, இது கவலையால் வந்தது என்று முடிவு கட்டினேன். கிளிக்ளாசைடை இரண்டு வேளையாக்கி நாளைக்கு 160 மி.கி. கொடுத்தேன். தூக்கத்துக்கும் மனசுக்கும் நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன்.

நான் சொன்ன உடலியலில் தவறில்லை. இந்த அம்மாவுக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்காததுதான் தவறு.

சேராத இரண்டு எண்கள்

மே கடைசியில் வந்தார். தங்கைக்கு வாடகை வீடு கிடைத்துவிட்டது, இவரும் ஓரளவு தூங்குகிறார். எச்பிஏ1சி 8.9. அன்று காலை வெறும் வயிற்றில் வீட்டில் பார்த்தது 116. மாலை கிளினிக்கில் 296.

இரண்டு எண்களையும் சீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நானே எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துதான். சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. மனக்கவலையால் கல்லீரல் இரவெல்லாம் சர்க்கரையை விட்டுக்கொண்டிருந்தால் பொதுவாகக் காலை எண்ணும் ஏறி நிற்க வேண்டும். காலையில் 116, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டரை மடங்கு என்றால், காலையில் உடம்புக்குள் போய் மாலைக்குள் வேலை செய்து, விடிவதற்குள் அடங்கிவிடும் ஏதோ ஒன்று இருக்கிறது. காலையில் ஸ்டீராய்டு மாத்திரை, அதாவது கார்ட்டிசோலைப் போலவே வேலை செய்யும் மருந்து, போடுகிறவர்களுக்கு வரும் வடிவம் இது. இதைப் பாடமாக நானே இளையவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கண்ணுக்கு முன்னாலும் அதன் அடையாளங்கள் இருந்தன. முகம் உருண்டிருந்தது. ஆனால் இங்கே எல்லோரையும் போல இரண்டு கன்னத்திலும் தனாக்கா (மரப்பட்டை அரைத்த பூச்சு) கெட்டியாகப் பூசியிருந்தார். அதன் அடியில் இருந்த சிவப்பு எனக்குத் தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் நாலைந்து திட்டுகள். கேட்டேன். "கல்லு விளிம்புல இடிச்சுக்குவேன்" என்றார். தோசை சுடுகிறவரின் கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சரியாகச் சாப்பிடாமலே எடை 3 கிலோ கூடியிருந்தது. தெருவில் எல்லோரும் "பூசினாப்ல இருக்கீங்க" என்று சொன்னார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மருந்தை மாற்றவில்லை. அடுத்த மாதம் வரச் சொன்னேன்.

பொட்டலம்

ஜூன் முதல் வாரத்தில் மருமகள் தனியாக வந்தார். கைப்பையிலிருந்து விரல் நீளப் பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மேலே பெயர் இல்லை, எழுத்து இல்லை. வாயை மெழுகுவர்த்தியில் சுட்டு ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஐந்து மாத்திரை.

"டாக்டர், அத்தை தினமும் காலையில இதைப் போட்டுட்டுத்தான் கல்லுல நிக்கிறாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. திட்டுவீங்களாம்."

இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று என்று கடையிலேயே கலந்து கட்டித் தருவார்கள். விலை குறைவு, டாக்டரிடம் காத்திருக்க வேண்டாம், வலியும் அன்றைக்கே போய்விடும். எனக்குத் தெரிந்த மருந்தாளுநர் பிரித்துப் பார்த்துச் சொன்னார்: ஒரு பாராசிட்டமால், ஒரு டைக்ளோஃபினாக், ஒரு மஞ்சள் வைட்டமின், அப்புறம் சின்னதாக இரண்டு, பிரெட்னிசோலோன் 5 மி.கி. ஆக நாளைக்கு 10 மி.கி. ஸ்டீராய்டு. பொங்கலுக்குப் பிறகு தொடங்கியதாக மருமகள் சொன்னார். கிட்டத்தட்ட ஐந்து மாதம்.

முழங்கால் வலி போனதில் ஆச்சரியமே இல்லை. இதே ஸ்டீராய்டு வகையான கார்ட்டிசோனை முதன்முதலில் பெயர்பெறச் செய்ததே மூட்டுதான். முடக்குவாதத்தில் படுத்தவர்களை அது எழுப்பி நடக்கவைத்தது. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1950-ல் பிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். கவலை வந்தால் நம் உடம்பே சுரக்கும் அதே வகைப் பொருளை இந்த அம்மா தினமும் காலை 5 மணிக்கு விழுங்கிக்கொண்டிருந்தார். கல்லீரலுக்கு அது பொட்டலத்திலிருந்து வந்ததா, மாண்டலே செய்தியால் வந்ததா என்று தெரியாது. எங்கிருந்து வந்தாலும் சர்க்கரை செய்யும்.

நிறுத்தச் சொன்னேன்

மறுநாள் அம்மாவை வரவழைத்தேன். தினமுமா என்று கேட்டதற்கு "வலிச்சாத்தான் தம்பி, எப்பவாச்சும்" என்றார். மருமகள் தினமும் என்று சொல்லியிருந்தார். நான் அம்மாவின் பேச்சை எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்த பதில் அது. எப்பவாச்சும் போட்டதென்றால் சட்டென்று நிறுத்தலாம். 10 மி.கி. பெரிய அளவும் இல்லை என்று நினைத்தேன். "இன்னையிலேர்ந்து இதைத் தொடவே கூடாது" என்றேன்.

கிளிக்ளாசைடு 160 அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சர்க்கரை இறங்கியதும் குறைக்கலாம் என்பது என் கணக்கு.

இங்கே இரண்டு பிழை. வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் மூளையும் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் "போதும்" என்று, கார்ட்டிசோல் சுரக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லிவிடுகின்றன. சுரப்பி தூங்கிவிடும். பொட்டலத்தை நிறுத்திய மறுநாளே அது எழுந்து வேலைக்கு வராது. மாதங்கள் ஆகலாம். இரண்டாவது, சர்க்கரை ஏறியதற்கான காரணத்தை எடுத்துவிட்டு, ஏறியதற்காகக் கூட்டிய மருந்தை விட்டுவைத்தேன்.

ஐந்தாம் நாள் விடியற்காலை

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வலி, குமட்டல். வலி திரும்பிவிட்டது, டாக்டர் மருந்தை நிறுத்தியதால்தான் என்று வீட்டில் பேச்சு. நாலாம் நாள் இரண்டு தரம் வாந்தி. இரவு ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தார். ஆனால் மாத்திரையை விடவில்லை, இரவு கிளிக்ளாசைடும் போட்டிருக்கிறார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற நோயாளி.

ஐந்தாம் நாள் காலை நாலரைக்குத் தோசைக்கல் சத்தம் கேட்கவில்லை என்று மருமகள் எழுந்து போய்ப் பார்த்தார். கரண்ட் இல்லை. டார்ச் அடித்தால், அத்தை உட்கார்ந்திருக்கிறார், ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது, மருமகளைப் பார்த்துத் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மருமகள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு விரலில் குத்தினார். 41.

டின் பாலை வெந்நீரில் கரைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து ஸ்பூனால் கொடுத்தார். பத்து நிமிடத்தில் ஆளை அடையாளம் தெரிந்தது. சைக்காரில் (சைக்கிள் ரிக்‌ஷா) உட்காரவைத்து என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அந்தப் பெண் அன்று செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

நான் பார்க்கும்போது சர்க்கரை 63, இரத்த அழுத்தம் 86/54, நாடி 112. நரம்பில் 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லி. கொடுத்ததும் 148. ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி 58. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளிக்ளாசைடு மட்டுமே காரணம் என்றால் சர்க்கரை விழலாம், அழுத்தம் இப்படி விழாது. இரண்டு நாள் குமட்டலும் வாந்தியும், ஐந்து மாத ஸ்டீராய்டு, ஐந்து நாள் முன்னால் நிறுத்தியது நான்.

சோதனைக்கு இரத்தம் எடுத்து வைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசோலின் மருந்து வடிவம்) 100 மி.கி. ஊசி போட்டேன். உப்புநீரும் டெக்ஸ்ட்ரோஸும் ஓடவிட்டபடி மருத்துவமனைக்கு அனுப்பினேன். பிறகு வந்த முடிவில் கார்ட்டிசோல் 2.1 மைக்ரோகிராம். காலை நேரத்தில், அதுவும் இப்படி உடம்பு தவித்துக்கொண்டிருக்கும்போது, இதைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டியது. சோடியம் 129, குறைவு. பொட்டாசியம் சரியாக இருந்தது. கெட்டது அட்ரினல் சுரப்பி அல்ல, அதை எழுப்பும் கட்டளைதான் வரவில்லை என்பதற்கு அதுவும் ஒத்துப்போகிறது.

கல்லீரலில் நடந்தது

ஏப்ரலில் மாலை 322 காட்டிய அதே கல்லீரலால் ஜூனில் 60-ஐப் பிடித்து நிறுத்த முடியவில்லை. எனக்கு இந்த நிகழ்வில் விடாமல் மனதில் நிற்பது இதுதான்.

குதிர் கணக்கைப் பாருங்கள். கல்லீரல் கிளைகோஜன் ஒரு இரவுப் பட்டினியில் பாதியளவு குறையும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். தசையிலும் கிளைகோஜன் இருக்கிறது, இதைவிட அதிகமாகவே. ஆனால் அதைச் சர்க்கரையாக இரத்தத்தில் விடும் கடைசி நொதி தசையில் இல்லை. தசை தன் கையிருப்பைத் தானே தின்னும், ஊருக்குத் தராது. ஆக, சாப்பிடாதவருக்குக் காப்பு, கல்லீரல் புதிதாகச் செய்யும் சர்க்கரைதான். அதற்குச் சரக்கு அனுப்புவதும், அதைச் செய்யும் நொதிகளைத் தயாராக வைத்திருப்பதும் பெருமளவு கார்ட்டிசோல்.

இன்னொன்று உண்டு. கார்ட்டிசோல் செலவாளி மட்டுமல்ல. கல்லீரலில் கிளைகோஜன் சேரவும் அதுவே உதவுகிறது. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட விலங்குகளைப் பட்டினி போட்டால் கல்லீரல் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும், இந்த ஹார்மோனைக் கொடுத்தால் திரும்பச் சேரும். குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற பெயரிலேயே சர்க்கரை இருப்பது சும்மா இல்லை. அட்ரினலின் மடையைத் திறக்கும் ஆள் என்றால், கார்ட்டிசோல் வெளியிலிருந்து நெல் வாங்கிவந்து குதிருக்குள் நிரப்பியும் வைக்கும் ஆள். அன்று காலை அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியதும் படபடத்ததும் அட்ரினலின்தான். மடையைத் திறந்தது, உள்ளே நெல் இல்லை.

அதற்கு மேல் கிளிக்ளாசைடு. சர்க்கரை எவ்வளவு என்று பார்க்காமல் கணையத்தைத் தட்டி இன்சுலின் விடச்சொல்லும் மருந்து அது. அந்த இன்சுலின் கல்லீரலின் கதவை வெளியிலிருந்தும் பூட்டியது. டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தும் மறுபடி விழுந்ததற்கு இரண்டும் சேர்ந்த விளைவு என்பது என் கணிப்பு. இந்த மாதிரி நேரத்துக்குப் பயன்படும் குளுக்ககான் ஊசி கிளினிக்கில் இல்லை என்று அன்று நொந்துகொண்டேன். இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. அதுவும் கிளைகோஜனைத்தான் உடைக்கச் சொல்லும்.

பிறகு

மூன்று நாளில் வீடு திரும்பினார். கிளிக்ளாசைடு முழுக்க நிறுத்தம், மெட்ஃபார்மின் மட்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் நாளைக்கு 20 மி.கி.: காலை 10, மதியம் 5, மாலை 5. ஐந்து மாதம் ஸ்டீராய்டு தின்றதால் வந்த வினைக்கு மறுபடி ஸ்டீராய்டா என்று மகன் கேட்டார். உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவைத்தான் தருகிறோம், சுரப்பி விழிக்கும்வரைதான் என்று இரண்டு தடவை சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

ஜூலையில் 102 டிகிரி காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் நல்ல உடம்பு தானாகவே கார்ட்டிசோலைக் கூட்டிக்கொள்ளும், இவருக்கு அது முடியாது. முன்கூட்டியே எழுதிக்கொடுத்தபடி மருமகள் மூன்று நாள் அளவை இரட்டிப்பாக்கினார். சர்க்கரை 190 வரை ஏறியது. ஏறட்டும் என்று விட்டோம்.

செப்டம்பரிலிருந்து படிப்படியாகக் குறைத்தோம். நவம்பரில் காலை மாத்திரைக்கு முன்னால் எடுத்த கார்ட்டிசோல் 11.8. அதன்பின் நிறுத்தினோம். எச்பிஏ1சி 7.3. கைத் திட்டுகள் மறைந்துவிட்டன. முகம் பழையபடி ஒட்டியிருக்கிறது, அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இனி மாறுவது

சர்க்கரை திடீரென்று ஏறி வருகிறவரிடம் "என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று நான் இப்போது கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு என் சீட்டில் இருப்பதைத்தான் பதிலாகச் சொல்வார்கள். "வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையையும், உறை, பொட்டலம் எல்லாத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாங்க, திட்ட மாட்டேன்" என்கிறேன். கடைசி இரண்டு வார்த்தை முக்கியம்.

காலை எண், மாலை எண் இரண்டும் இல்லாமல் மருந்தைக் கூட்டுவதில்லை. கவலையைக் காரணமாக எழுதும் முன் ரவிக்கைக் கையை மடக்கி முழங்கையைப் பார்க்கிறேன். தனாக்காவைத் துடைக்கச் சொல்லவும் கூச்சப்படுவதில்லை. ஸ்டீராய்டு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் உள்ளே போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, சட்டென்று நிறுத்தாமல் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றிக் குறைக்கிறேன். அன்றைக்கே கிளிக்ளாசைடு வகை மருந்தையும் குறைக்கிறேன், ஒரு வாரம் கழித்து அல்ல. சில நாள் 220, 250 என்று ஓடினால் சகித்துக்கொள்ளலாம்.

முழங்காலுக்கு இப்போதுதான் ஏதாவது செய்திருக்கிறோம். தோசைக்கல் மேடைக்கு ஏற்ற உயரத்தில் மகன் ஒரு ஸ்டூல் அடித்துக் கொடுத்திருக்கிறார். உட்கார்ந்தே மாவு ஊற்றுகிறார். தொடைத்தசைப் பயிற்சி காலை மாலை. வலி இருக்கிறது, பாதியாக.

பொட்டலம் கட்டிய கடைக்காரரிடமும் போய்ப் பேசினேன். அவரும் நம் ஆள்தான். சண்டை போடவில்லை. இந்த அம்மாவுக்கு நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இதே பொட்டலம் தினமும் வாங்குகிறவர்கள் இந்தத் தெருவில் இன்னும் மூன்று பேர் என்றார். அனுப்பிவைக்கச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாமவர் இன்னும் வரவில்லை.